பயாப்சிக்குப் பிறகும் ஏன் ஒரு டெஸ்ட்?

கேள்வி: அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய். பயாப்சி முடிந்தும் ஏதோ புரதங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, எதற்கு? (வாசகி, அறந்தாங்கி)

பதில்: நோயின் வகையை பயாப்சி சொல்லிவிடும். எந்த மருந்து எடுபடும் என்று அறியத்தான் அதே சதைத்துணுக்கில் புரதம் பார்க்கிறார்கள். பிடி-எல்1 என்பது நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கிப் புற்றணுவைத் தப்பவிடும் புரதம். அது மிகுந்திருந்தால் இம்யூனோதெரபி பலன் தரும் வாய்ப்பு கூடும். ஹெர்-2 என்ற புரதம் மிகுந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இரைப்பையை ஒட்டி வரும் அடினோகார்சினோமா வகைக்கு. நம் நாட்டில் அதிகம் ஸ்குவாமஸ் வகைதான். புகையிலை, பாக்கு, மது மூன்றும் அதற்குக் கூட்டாளிகள். இந்த மருந்துகளின் விலை மலைக்க வைக்கும். காப்பீடு பற்றி முன்பே கேட்டுவிடுங்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த உங்கள் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்குகிறது. இரண்டாவது கருத்துக்கு அங்கே போகலாம். வீட்டில் வேறு யாருக்காவது சோறு விழுங்கும்போது தடுத்தால், தாமதிக்காமல் எண்டோஸ்கோபி செய்துவிடுங்கள்.