இருபதா, இருபத்தாறா? – ஒரு கோடை மின்கட்டணக் கணக்கு

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று கொல்கத்தா அலிப்பூரில் 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. இந்நகரம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் காணாத வெயில் அது. அதற்கடுத்த வாரம், லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். ஓய்வூதியர், எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். கையில் இரண்டு மின்கட்டணப் பட்டியல்கள். முந்தைய மாதம் 1,200 ரூபாய் அளவில் இருந்த கட்டணம், இம்மாதம் 3,200 ரூபாயைத் தொட்டிருந்தது.

"தம்பி, ஏ.சி.யை நிறுத்திவிட்டோம். பட்டியல் வந்த நாளிலிருந்து மின்விசிறி மட்டும்தான்" என்றார். பட்டியல் வந்தது ஏப்ரல் 25 வாக்கில். அப்படியானால் அந்த 43 டிகிரி நாளையும் அவரும் அவர் மனைவியும் மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மின்விசிறியோடு கழித்திருக்கிறார்கள். வெளிக்காற்று உடல் வெப்பத்தை மிஞ்சும்போது மின்விசிறி குளிர்ச்சி தருவதில்லை, சூட்டைத்தான் வீசுகிறது. முதியோருக்கு அது உயிராபத்து. அன்று அவர் ஒரு வைப்புநிதியை முன்கூட்டியே முடிப்பது பற்றிக் கேட்க வந்திருந்தார். நாங்கள் பேசியதோ முழுக்க மின்கட்டணத்தைப் பற்றியே. அந்த உரையாடலில் போட்ட கணக்கைத்தான் இங்கு விரித்து எழுதுகிறேன்.

அவருடைய முதல் கேள்வி நியாயமானது. "யூனிட் இரண்டேகால் மடங்குதான் கூடியிருக்கிறது, பணம் மட்டும் எப்படி இரண்டரை மடங்குக்கு மேல் கூடிற்று?" பட்டியலைப் பார்த்தேன். ஏ.சி. இல்லாத மாதத்தில் 180 யூனிட், ஏ.சி. ஓடிய மாதத்தில் 420 யூனிட்.

கொல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனத்தின் வீட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. முதல் 25 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்று ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். படிப்படியாக உயர்ந்து, 300 யூனிட்டுக்கு மேற்பட்டவை ஒவ்வொன்றும் ஒன்பது ரூபாயைத் தாண்டிவிடும். 420 யூனிட்டின் கட்டணத்தை 420 ஆல் வகுத்தால் சராசரி ஏழரை ரூபாய்க்குச் சற்று அதிகமாக வரும். பலரும் இந்தச் சராசரியை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஆனால் வணிகவியல் மாணவர் முதலாண்டில் கற்கும் பாடம் ஒன்று இங்கே நினைவுக்கு வரவேண்டும்: முடிவெடுக்கும் இடத்தில் பார்க்கவேண்டியது சராசரிச் செலவை அன்று, இறுதிநிலைச் செலவை. விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை ஆண்டு முழுதும் ஓடுபவை. அவை கீழ் அடுக்குகளை நிரப்பிவிடுகின்றன. கோடையில் புதிதாக வந்து சேரும் ஏ.சி., விலை மிகுந்த மேல் அடுக்குகளில்தான் போய் அமரும். பெரியவர் வீட்டு ஏ.சி. எடுத்துக்கொண்ட 240 யூனிட்டில் 120 யூனிட் ஒன்பது ரூபாய் அடுக்கில் இருந்தது.

இதை மாற்றிப் பார்த்தால் ஆறுதலும் இருக்கிறது. குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த மேல் அடுக்கிலிருந்தே கழியும். அதாவது, மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வீதம் திரும்பக் கிடைக்கிறது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கணக்கு வேறு: அங்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கீடு, முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. இங்கேயே சால்ட் லேக்கில் மாநில விநியோக நிறுவனத்தின் அடுக்குகள் மூன்று மாதங்களுக்குச் சேர்த்துக் கணக்கிடப்படுபவை. விகிதங்கள் மாறும், அடுக்குமுறையின் இயல்பு மாறாது. அவரவர் பட்டியலை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.)

அடுத்து, ரிமோட்டில் எந்த எண் வைக்கிறார்கள் என்று கேட்டேன். "இருபது" என்றார். "பதினாறு வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பேரன் சொன்னான். எங்களுக்கு அது மிகுதி, ஆகையால் இருபது."

பேரன் சொன்னது பரவலான தவறு. பழைய வகை ஏ.சி.யில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். பதினாறு வைத்தாலும் இருபத்தைந்து வைத்தாலும் அறை குளிரும் வேகம் ஒன்றே. பதினாறு வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவே. இன்வெர்ட்டர் வகையில், தொடக்கத்தில் கம்ப்ரசர் எப்படியும் வேகமாகவே ஓடும். குறித்த வெப்பநிலையை அறை நெருங்கிய பின் தணிந்து ஓடும்போதுதான் அதன் சிக்கனம் வெளிப்படும். பதினாறில் வைத்தால் அந்தத் தணிவுக்கு வாய்ப்பே வராது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 இல் வெளியிட்ட அறிவுரையில், வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று கூறியது. 2020 தொடக்கத்திலிருந்து, நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படவேண்டும் என்பது விதி. 2025 ஜூனில், இனி வரும் ஏ.சி.களின் வரம்பை 20 முதல் 28 டிகிரிக்குள் நிறுத்தப் போவதாக மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தபோது எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். ஜப்பான் 2005 இலேயே அலுவலகங்களில் கோடைக்கு 28 டிகிரி என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணியாமல் வேலைக்கு வரலாம் என்பதும் அதில் சேர்த்தி.

பெரியவரின் கணக்குக்கு வருவோம். இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு மாறினால் ஐந்து டிகிரி. 6 விழுக்காட்டை ஐந்தால் பெருக்கி 30 என்று சொல்லிவிடக் கூடாது. கூட்டு வட்டியைப் போல், ஒவ்வொரு படியிலும் மீதியிருப்பதில்தான் 6 விழுக்காடு குறையும். ஆகவே மொத்தக் குறைவு 27 விழுக்காடு அளவில் நிற்கும். 240 யூனிட்டில் அது சுமார் 64 யூனிட். அனைத்தும் மேல் அடுக்கிலிருந்து கழிவதால் மாதம் ஏறத்தாழ 580 ரூபாய். ஏ.சி.யை ஒரு மணி நேரம்கூடக் குறைக்காமலேயே இந்த மிச்சம்.

"ஆனால் இருபத்தைந்தில் புழுங்குகிறதே" என்றார். இந்த ஊரில் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கொல்கத்தாவின் கோடை வெப்பத்தைவிட ஈரப்பதத்தால்தான் வாட்டுகிறது. மே மாத இரவில் வெளியே 28 டிகிரி இருக்கும். டெல்லிக்காரருக்கு அது ஒன்றுமில்லை, இங்கோ சட்டை நனைந்துவிடும். ஏ.சி.யின் வரலாறே ஈரத்தில்தான் தொடங்குகிறது. 1902 இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததே இக்கருவியின் முன்னோடி. மனிதர் குளிர்வது பிறகு வந்த பயன்.

ஈரத்தை நீக்குவதற்கும் மின்சாரம் செலவாகும். காற்றில் உள்ள ஆவி ஒரு லிட்டர் நீராக மாறும்போது ஏறத்தாழ 0.68 யூனிட்டுக்குச் சமமான உள்ளுறை வெப்பம் வெளிப்படும், அதை ஏ.சி. வெளியேற்றியாக வேண்டும். சராசரித் திறனுள்ள கருவிக்கு அதற்கு ஐந்தில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் தேவை. பெரிதாகத் தோன்றாது. ஆனால் மழைக்காலத்தில் நம் அடுக்ககங்களில் நடப்பதைப் பாருங்கள்: துவைத்த துணியை ஏ.சி. அறையிலேயே கொடி கட்டி உலர்த்துகிறோம். ஒரு வாளித் துணியில் ஐந்து லிட்டர் நீர் ஊறியிருந்தால் அதை உலர்த்த ஒரு யூனிட், அதாவது ஒன்பது ரூபாய். குளியலறைக் கதவு அறைக்குள் திறந்தே கிடப்பதும் இந்த வகைதான்.

புழுக்கத்துக்கு மருந்து எண்ணைக் குறைப்பதன்று. 26 டிகிரியில் ஏ.சி.யை வைத்து, கூரை விசிறியை நடுத்தர வேகத்தில் சுழலவிட்டால், தோல்மேல் காற்று நகர்வதால் இரண்டு டிகிரி குறைந்தாற்போல் உடலுக்குத் தோன்றும். பழைய விசிறி 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். பி.எல்.டி.சி. வகையாயின் அதில் பாதிக்கும் குறைவு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், வெப்பம் குறைந்து ஈரம் மட்டும் மிகுந்த நாள்களில், ரிமோட்டில் உள்ள 'டிரை' பொத்தானைப் பயன்படுத்தலாம். அந்தப் பொத்தானை வாங்கிய நாள் முதல் தொடாதவர்களே அதிகம் என்பது என் எண்ணம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது, திரைச்சீலை, கதவிடுக்கு ஆகியவற்றை எல்லோரும் அறிவர். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரியவருக்கு இன்னொரு ஐயம்: மகன் புதிய ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்கச் சொல்கிறார், வைப்புநிதியை முடிக்க நினைத்தது அதற்காகத்தான். அங்கே 'டன்' என்ற சொல்லையும் விளக்க நேர்ந்தது. ஒன்றரை டன் என்பது கருவியின் எடை என்று அவர் நினைத்திருந்தார். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே குளிர்ச்சியின் ஒரு டன். பனிக்கட்டி விற்ற காலத்தின் எச்சம் இந்த அளவு. 1833 இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் கல்கத்தாவுக்கு இயற்கைப் பனிக்கட்டி கொண்டுவந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. அதே வணிகத்தின் கிடங்குதான் சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், ஒன்றரை டன் பனிக்கட்டி உருகிய குளிர்ச்சியை உங்கள் படுக்கையறைக்குத் தந்துவிடுகிறது. அக்காலத்துக் கவர்னர் ஜெனரலுக்கும் கிட்டாத வசதி.

நட்சத்திரக் கணக்கு இதுதான். குறியீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட், ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கு உரியது. மூன்று நட்சத்திரக் கருவியில் 1,000 என்றும் ஐந்து நட்சத்திரக் கருவியில் 760 என்றும் இருப்பதாகக் கொள்வோம். விலை வேறுபாடு 9,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆறு மாதம், இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் 1,440 மணி. மிச்சம் சுமார் 216 யூனிட். மேல் அடுக்குகளின் விலையில் ஆண்டுக்கு 1,800 ரூபாய். ஐந்தாண்டில் அதிக விலை திரும்பிவிடும்; வாங்கலாம். மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 81 யூனிட்டைத் தாண்டாது. போட்ட பணம் திரும்பப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் கருவியே ஓய்ந்துவிடும். அவர் மூன்று நட்சத்திரத்தோடு நிற்பதே அறிவு. மேலும், நட்சத்திரத்துக்கான தகுதி காலந்தோறும் உயர்த்தப்படுகிறது. 2022 ஜூலையில் உயர்ந்தது, 2026 ஜனவரியில் மீண்டும் உயர்ந்தது. எனவே நட்சத்திரத்தை எண்ணாமல், அதன் அருகில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற திறன் எண்ணை ஒப்பிடுங்கள்.

கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்பார்கள். ஒரு வங்கியாளனாக இதில் எனக்குத் தயக்கம் உண்டு. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது. ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். மறைந்திருக்கும் வட்டி அங்கே தெரியும்.

பெரியவர் வைப்புநிதியை முடிக்கவில்லை. இருந்த கருவியையே 26 இல் வைத்து, விசிறியோடு, இரவு முழுதும் ஓட்டினார். ஜூன் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார்: 345 யூனிட். அதை என் மேசையில் வைத்துவிட்டு, நண்பகலில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். முன்பு இரவு எட்டு மணி நேரத்துக்கு 165 யூனிட் ஆகியிருப்பதால், பகல் வெயிலுக்குச் சற்றுக் கூட்டி, மாதம் 50 யூனிட், 450 ரூபாய் என்றேன். "அப்படியானால் போடலாம்" என்று சொல்லிவிட்டு, பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.