நரம்பு வலிக்கு வலிப்புக் குளிசை எதற்கு?

கிளினிக் துண்டைப் பார்த்ததும் மருந்துக்கடையில் "இது வலிப்புக் குளிசை" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் பயம் பிடித்துக்கொள்கிறது. கொக்குவிலில் வேலை செய்யும் மகனோடு தங்கி மருந்தெடுத்த நம் தோட்டத்து அம்மா ஒருவர், மகளின் கலியாணத்துக்குக் கெட்ட பேர் வருமென்று குளிசையைத் தொடவேயில்லை. கால் எரிச்சலில் ராத்தூக்கம் போனதுதான் மிச்சம்.

இந்தக் குளிசை போட்டால் வலிப்பு நோய் என்று அர்த்தமில்லை. சீனி வியாதியாலோ, அக்கி வந்து போன பிறகோ பழுதான நரம்பு, காயம் எதுவும் இல்லாமலே மூளைக்கு வலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். எரியும், ஊசி குத்தும், கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். பனடோலுக்கு இது லேசில் கேட்காது. வலிப்பில் மூளை நரம்புகளின் மிஞ்சிய துடிப்பை அடக்கும் மருந்தே இங்கேயும் நரம்பை அமர்த்துகிறது. முகநரம்பு வலிக்குக் கார்பமசெபின் கேட்கிறதென்று சுவீடன் டாக்டர் புளோம் 1962இலேயே எழுதினார். அக்கிக்குப் பிந்திய வலிக்குக் கபாபென்டினை அமெரிக்கா 2002இல் அங்கீகரித்தது.

எல்லாருக்கும் கேட்குமென்று சொல்ல மாட்டோம். வலி பாதி குறைந்தாலே பெரிய காரியம். சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில கிழமை செல்லும். ஆரம்பத்தில் தூக்கமும் தலைச்சுற்றும் வரலாம், மலைச்சரிவில் கொழுந்தெடுப்பவர்கள் கவனம். சாராயத்தோடு சேரவே கூடாது. பக்கத்து லயத்தாருக்குப் பங்கு கொடுக்காதீர்கள். திடீரென நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேணும். கார்பமசெபின் போடுகிறவர் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.