வாடகைதாரர் விட்டுச் சென்ற பொருள்கள்: வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

காலி செய்துபோனவர் பீரோவோ கட்டிலோ பாத்திர மூட்டையோ விட்டுப்போனால், அது வீட்டுக்காரரின் சொத்தாகிவிடாது. வாடகை பாக்கி இருந்தாலும் சரி. சிறப்புக் காவல்படைக் குடும்பங்கள் இடமாறுதலில் வந்து போகும் மணிமுத்தாறில் வீடு வாடகைக்கு விடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில், குடியிருப்பு முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சாவியைக் கையில் கொடுத்தவர் காலி செய்தவர். பூட்டிக்கொண்டு போனவர் அப்படியல்ல. மாதக்கணக்கில் ஆளைக் காணாவிட்டாலும் வீடு அவர் வசமே இருப்பதாகக் கொள்வதுதான் பாதுகாப்பு. பூட்டை உடைத்தால், 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 6ஆம் பிரிவின்படி அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற இடமுண்டு. மணிமுத்தாறு பேரூராட்சி; எனவே 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெறுவதே வழி. மலைமேல் மாஞ்சோலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயன் வீடுகள் வேறு கணக்கு: வேலையோடு சேர்த்து நிறுவனம் கொடுக்கும் வீடுகளுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. 2024இல் விருப்ப ஓய்வுக்குப் பின் எழுந்த அந்தத் தொழிலாளர்களின் வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போயின.

சாவி கைக்கு வந்தபின், பொருள்களைத் தொடுமுன் பக்கத்து வீட்டார் இருவரை வைத்துக்கொண்டு செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். பட்டியல் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பின்னால் "என் நகை இருந்ததே" என்ற பேச்சு வந்தால் இந்தத் தாள்தான் பேசும்.

அடுத்தது பிரிப்பது. ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றை எந்தக் காரணத்துக்காகவும் கொளுத்தக் கூடாது. தனி உறையில் வைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துடையது. ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கலாம். சீருடை, அடையாள அட்டை இருந்தால் பட்டாலியன் அலுவலகத்தில் சேர்க்கலாம். கெட்டுப்போகும் உணவை அப்புறப்படுத்தலாம். சாமி படங்களைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. அவையும் பட்டியலில் ஏறட்டும்.

பிறகு நோட்டீஸ். போன், வாட்ஸ்அப் மட்டும் போதாது; ஒப்பந்தத்திலுள்ள சொந்த ஊர் முகவரிக்கு ஒப்புகையுடன் தபால் அனுப்ப வேண்டும். பொருள்களின் பட்டியல், எடுத்துக்கொள்ளக் கடைசி நாள், வராவிட்டால் செய்யப்போவது மூன்றும் அதில் இருக்க வேண்டும். 30 நாள் நியாயமான அவகாசம். வாடகைதாரர் இறந்திருந்தால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் உள்ளவர்களிடமே கொடுக்க வேண்டும்.

அதுவரை தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மெத்தை பூசணம் பிடிக்கும்; தரையில் போடாமல் பலகைமேல் வைப்பது நல்லது.

அவகாசம் முடிந்தால் உடனே விற்றுவிட முடியாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 169ஆம் பிரிவு, கண்டெடுத்த பொருளை விற்க வைக்கும் நிபந்தனைகளை இங்கும் ஒட்டி நடப்பது பாதுகாப்பு: உரிமையாளரைத் தேடியும் காணவில்லை, அல்லது பாதுகாத்த செலவைத் தர மறுக்கிறார், கூடவே பொருள் கெடும் நிலையில் இருக்க வேண்டும், அல்லது செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டிருக்க வேண்டும். வாடகை பாக்கி இந்தச் செலவில் சேராது. அதை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, மீதியை வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். பொருள் விற்ற பணத்திலும் செலவு போக மிஞ்சுவது வாடகைதாரருடையதே.