புங்கனூர்க் குட்டைப் பசு

ஊத்துக்கோட்டையைக் கடந்து ஆந்திர மாநிலத்திற்குள் சென்றால் நாகலாபுரம் என்னும் ஊர் வரும். வேதநாராயணர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அப்பழைய மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஊர் புங்கனூர். அவ்வூரின் பெயரைப் பெற்ற பசுவினம் உலகின் மிகச் சிறிய மாட்டினங்களுள் ஒன்று. அதன் உயரம் ஏறத்தாழ 70 முதல் 90 செ.மீ.; உங்கள் வகுப்பறை மேசையின் உயரம்தான்!

மிகுதியான பால் வேண்டி உழவர்கள் வேற்றினக் காளைகளோடு கலப்புச் செய்தமையால் தூய புங்கனூர் மாடுகள் அருகிப்போயின. பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணி வருகிறது.

பிறக்கும் கன்று எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? சில பண்புகளில் இயலும். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866ஆம் ஆண்டு மெண்டல் வெளியிட்ட விதி மாடுகளுக்கும் பொருந்தும். மாடுகளில் கொம்பின்மை ஓங்கு பண்பு; கொம்பு உடைமை ஒடுங்கு பண்பு. கொம்பில்லாத தாய், தந்தை இருவரிடமும் கொம்புக்குரிய மரபணு ஒன்று மறைந்திருந்தால், சராசரியாக நான்கு கன்றுகளில் ஒன்று கொம்போடு வளரும்.

உயரம் அவ்வாறன்று. அதனைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. தீவனமும் அதில் பங்கு கொள்கிறது. குட்டைக் காளைக்கும் நெட்டைப் பசுவுக்கும் பிறக்கும் கன்று பெரும்பாலும் இடைப்பட்ட உயரமே பெறும். பசியால் வளர்ச்சி குன்றிய கன்றும் குட்டையாகவே தோன்றும். எனவே, உயரத்தை மட்டும் கண்டு புங்கனூர் இனம் என்று விலை கொடுப்பவர் ஏமாறக்கூடும். பெற்றோரின் பதிவைக் கேட்டறிதல் வேண்டும்.

வேற்றினப் பசுவைத் தூய புங்கனூர்க் காளையோடு சேர்த்தால், முதல் தலைமுறைக் கன்று புங்கனூர் மரபில் பாதியைப் பெறும். அக்கன்று வளர்ந்தபின் உறவல்லாத வேறொரு தூய காளையோடு சேர்த்தால், அடுத்த கன்றுக்குச் சராசரியாக முக்கால் பங்கு கிட்டும். மூன்றாம் தலைமுறையில் எட்டில் ஏழு பங்கு. ஒரு கன்று தாயாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பணிக்கு வேண்டிய பொறுமை விளங்கும்.

பயிற்சி
1. நான்காம் தலைமுறைக் கன்று பெறும் புங்கனூர் மரபின் பங்கைக் கணக்கிடுக.
2. கொம்பைப் போல உயரத்தை எளிதில் முன்னறிய இயலாதது ஏன்?