தோணிரேவுத் தங்கைக்கு, கொள்ளையர் செய்தி எழுதுமுன்



பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து நாளிதழுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறாய். இறால் வரத்து, முகத்துவாரம் தூர்ந்துபோனது, வலைத் தகராறு என்று எழுதும் பகுதி நிருபருக்குக் குற்றச் செய்தியும் சேர்ந்தே வரும். காவல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு வரும். கூடவே தலைகுனிந்து நிற்கும் மூன்று பேரின் படம். அரை மணி நேரத்தில் அனுப்பு என்று அலுவலகத்திலிருந்து போன் வரும். அந்த அரை மணி நேரத்தில் நீ என்ன எழுதுகிறாய் என்பதற்கு இந்த நாட்டில் இருநூறு ஆண்டு முன்கதை இருக்கிறது.

1830 அக்டோபரில் 'கல்கத்தா லிட்டரரி கெஜட்' இதழில் பெயர் போடாத கடிதம் ஒன்று வெளியானது. விந்தியாசலத்துக் காளி கோயிலை வணங்கிவிட்டு வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் 'தக்'குகளின் கூட்டம் நாடெங்கும் திரிகிறது, அரசு சும்மா இருக்கலாமா என்று அது கேட்டது. எழுதியவர் பத்திரிகைக்காரர் அல்லர். மத்திய இந்தியாவில் பணியிலிருந்த வில்லியம் ஸ்லீமன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அரசின் மேல்மட்டம் கடிதத்தைப் படித்தது. எழுதியவர் யாரென்று தெரிந்துகொண்டு, பின்னர் ஒடுக்கும் வேலையை அவர் வசமே விட்டது. 1836இல் ஒரு சட்டமும் வந்தது. தக் கூட்டத்தில் ஒருவர் எப்போதாவது இருந்தார் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை. யாரை, எங்கே, எந்த நாளில் கொன்றார் என்று தனியாகக் காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான வழக்குகள் அப்ரூவர்களின் வாக்குமூலத்தில் நின்றன.

வழிப்பறிக் கொலைகள் கட்டுக்கதை அல்ல. புதைத்த பிணங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. ஆனால் அங்கங்கே நடந்த கொலைகளை ஒரே வழிபாடு, ஒரே பரம்பரை, ஒரே சதி என்று கோத்துக் கொடுத்ததில் அச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. 1839இல் மெடோஸ் டெய்லரின் 'ஒரு தக்கின் வாக்குமூலம்' நாவல் லண்டன் வாசகர்களிடம் அந்தப் படத்தை நிலைநிறுத்தியது. பிறவியிலேயே குற்றவாளி என்ற நினைப்புக்கு இப்படி உரம் போட்டபின், 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது அதிர்ச்சி அடைந்தவர்கள் குறைவு.

உன் ஊர்க் கடலோரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாட்டின் முதுகில் பொதியேற்றி, கரையோர உப்பை உள்நாட்டுக்கும் அங்கிருந்து தானியத்தைக் கரைக்கும் கொண்டுபோன குறவர்கள் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்கு வேண்டியவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது. 1850களில் ரயில் வந்தது. பழவேற்காட்டு ஏரி வழியாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகுகள் சரக்கேற்றிச் சென்றன. பொதிமாட்டுக்காரர் பிழைப்பு போனது. ஊர் ஊராக அலைந்தவர்கள் மீது இப்போது சந்தேகம் மட்டும் மிஞ்சியது. 1892இல் போலீஸ் அதிகாரி முல்லாலி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றிப் புத்தகமே போட்டார். சாதிவாரியாக இவர்கள் இப்படித் திருடுவார்கள் என்று அதில் குறிப்புகள். திருட்டு நடந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று போலீஸ்காரர் யோசிக்கவே வேண்டாம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். பத்து விரலும் பதிய வேண்டும், இரவில் போலீஸ் கச்சேரியில் ஆஜர் சொல்ல வேண்டும், ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். இதே கிழக்குக் கரையில், வடக்கே பாபட்லா அருகே, எருகுலர் என்ற இனத்தவரை அடைத்து வைக்க ஸ்டூவர்ட்புரம் குடியேற்றம் உருவானது. சால்வேஷன் ஆர்மி அதை நடத்தியது. சட்டம் போய் எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஊரின் கெட்ட பெயர் போகவில்லை. 2023இல்கூட ஸ்டூவர்ட்புரத்துத் திருடனை வைத்து 'டைகர் நாகேஸ்வர ராவ்' என்ற பெரும் செலவுப் படம் வந்தது. ஆந்திர எல்லை ஓரத்தில் செய்தி சேகரிக்கும் உனக்கு, ஊர்ப்பெயரைத் தலைப்பில் போடும் ஆசை அடிக்கடி வரும். அந்த ஊரில் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் நினைத்துப் பார்.

மதுரைப் பக்கம், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த பிறமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். அந்த மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப் 1923இல் காந்தியின் 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியராக இருந்தவர். எழுதவும் தெரிந்து, பாதிக்கப்பட்டவர் பக்கம் போய் உட்காரவும் தெரிந்த அவரை, மதுரையில் ரோசாப்பூ துரை என்று இன்றும் சொல்கிறார்கள்.

வெளிநாட்டிலும் நிலைமை வேறல்ல. ஆஸ்திரேலியாவில் போலீஸ் தேடிய கொள்ளைக்காரர் நெட் கெல்லியைப் பிடிக்க 1880 ஜூனில் போன போலீஸ் ரயிலில் மெல்பர்ன் பத்திரிகைக்காரர்களும் ஏறிப் போனார்கள். துப்பாக்கிச் சண்டை வரிவரியாக அச்சானது. கெல்லி 1879இல் தன் தரப்பைச் சொல்லி எழுதிக் கொடுத்த எட்டாயிரம் சொல் கடிதம் முழுதாக அச்சேறியது 1930இல். அவரைத் தூக்கிலிட்டு ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது.

போலீஸ் ரயிலில் ஏறாதே என்று சொல்லவில்லை. போலீஸ் தரும் தகவல் வேண்டும். அதைப் போலீஸ் சொன்னதாகவே எழுது. "கொள்ளையன்" என்று முடிவு கட்டாமல் "கைது செய்யப்பட்டவர்" என்று எழுத ஒரு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான். சாதியைச் சேர்க்காதே. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்கு. எந்த நாளில், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று குடும்பத்தாரிடமும் விசாரி. இரண்டு நாளும் ஒத்துவரவில்லை என்றால் உண்மையான செய்தி அங்கேதான் இருக்கிறது.

1993இல் கடலூர்ப் பக்கம் முதனை ராஜாக்கண்ணு வழக்கிலும் போலீஸ் சொன்னது உண்மையோடு ஒத்துவரவில்லை. திருட்டு வழக்கில் பிடித்துப்போன குறவர் இனத்தவர் காவலிலிருந்து தப்பிவிட்டார் என்றது போலீஸ். அவர் காவலிலேயே அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அவர் மனைவி விடாமல் போராடினார், வழக்கறிஞராக இருந்த சந்துரு நீதிமன்றத்தில் நின்றார், போலீஸார் தண்டனை பெற்றனர். 'தப்பி ஓட்டம்' என்ற ஒற்றை வரியோடு விட்டிருந்தால் ராஜாக்கண்ணு இன்றும் தலைமறைவுக் குற்றவாளிதான்.

உன் ஏரியில் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை உனக்குத் தெரியும். எங்கோ நகை காணாமல் போனால் விசாரணைக்கு முதலில் இழுக்கப்படுவது இவர்களைப் போன்றவர்கள்தான். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும் நாலு வரியே ஊருக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. அந்த நாலு வரியை எழுதப்போவது நீ.

ஒரு வேலையை இந்த மாதமே தொடங்கு. உன் வட்டாரத்தில் கடந்த ஆண்டு 'கைது' என்று பத்திரிகைகளில் வந்த திருட்டுச் செய்திகளைப் பட்டியலிடு. பொன்னேரி நீதிமன்றத்துக்குப் போய் ஒவ்வொரு வழக்கும் என்ன ஆனது என்று கேள். விடுதலையானவர் இருந்தால், கைதுச் செய்தி வந்த அதே அளவில், அதே இடத்தில் அவர் விடுதலையைப் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேள். மறுத்தால் மறுபடியும் கேள்.