மூட்டை முடக்கும் காய்ச்சல்

1952-ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிகாவில் ஒரு வைரஸ் காய்ச்சல் பரவிற்று. கண்டவர் மூட்டுவலியால் நிமிர இயலாது வளைந்தனர். ஆதலின் மக்கோண்டே மொழியினர் அதனைச் ‘சிக்குன்குன்யா’ என்றனர். 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் தோன்றிய இந்நோய், பல்லாண்டு அடங்கியிருந்து 2006-இல் தமிழகத்தில் மீண்டும் பரவிற்று.

காய்ச்சல் சில நாட்களில் தணியும். விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலியோ சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். தறி மிதிக்கவும் நாற்றுப் பறிக்கவும் இயலாத அங்கத்தினரின் நஷ்டத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையை அது நாடுவதில்லை. தொட்டி, குடம், நூல் நனைக்கும் சட்டி, கொட்டாங்கச்சி ஆகியவற்றில் தேங்கிய தெளிந்த நீரையே நாடும். முட்டை கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாட்களாகும். ஆகவே வாரந்தோறும் நீரைக் கொட்டிவிடுதல் வேண்டும்.

கொட்டினால் மட்டும் போதுமா? போதாது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரினால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பின்னரே நீர் நிரப்பி, வாயைத் துணியால் கட்டுக. துணிக்கு நம்மிடம் பஞ்சமில்லையே!

நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்தல் அவசியம். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த தறிக்காரரிடம் நோயைக் கொண்டு சேர்ப்பது.