கார் வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஸ்கிப்டனில் அறை வசதியாக இருக்கிறது, வார்டில் எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்து மனசு நிறைந்தது. லீவு நாளில் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடைந்து கிடப்பதாகவும், அதனால் தவணையில் ஒரு கார் எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் 12 மாதம்தான் ஓட்டலாம், பிறகு இந்த ஊர்த் தேர்வில் தேறவேண்டும். அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் உன் கடிதத்தில் தெரிகிறது. வேலைக்குப் போய்வரக் கார் இல்லாமல் முடியாது என்றால் வாங்கு, அது வேறு கணக்கு. ஊர் சுற்றிப் பார்க்கத்தான் என்றால், பொறு. நீ குடியேறியிருக்கும் ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்.

ஸ்கிப்டன் என்றால் திங்கள், புதன், வெள்ளி, சனி கூடும் தெருச்சந்தையும் கோட்டையும்தான் எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சொத்து அங்கிருந்து கிளம்பும் வழிகள். தென்கிழக்கே லீட்ஸுக்கு அடிக்கடி மின்சார ரயில். வடமேற்கே மலைகளுக்கு நடுவே கார்லைல் வரை ஒரு பாதை, மேற்கே லங்காஸ்டர் வழியாக மோர்க்கம் கடற்கரைக்கு இன்னொன்று. வடக்கே வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு பஸ். 1954-ல் அறிவிக்கப்பட்ட யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா உன் வாசலிலேயே தொடங்குகிறது. இந்த அளவுள்ள ஊரில் இத்தனை வழிகள் கிடைப்பது அபூர்வம்.

கார் இல்லாதவளுக்குத்தான் கிடைக்கும் ஒரு சுகம் இருக்கிறது. காரில் போகிறவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பி வந்தாகவேண்டும். அதனால் அவருடைய நடை எப்போதும் ஒரு வட்டம். போன வழியிலேயே திரும்புவது, அல்லது பார்க்கிங்கைச் சுற்றிச் சுற்றி வருவது. உனக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, கால் போகிற வரை போய், வேறொரு ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம். வழி முழுக்கப் புதிது.

முதலில் பிங்லிக்குப் போ. ஸ்கிப்டனிலிருந்து லீட்ஸ் ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் இறங்கிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து கால்வாய்க் கரையைப் பிடித்துச் சற்று மேலே நடந்தால் ஐந்து அடுக்கு மதகு. 1774-ல் கட்டியது, இன்றும் படகுகள் ஏறி இறங்குகின்றன. ஐந்து தொட்டிகளும் படிக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மேல் தொட்டியின் கீழ்க்கதவுதான் அடுத்த தொட்டியின் மேல்கதவு. இடையில் தண்ணீர் தேங்கி நிற்க இடமே கிடையாது. ஆகவே எந்தக் கதவை எப்போது திறப்பது என்பதில் ஒழுங்கு தவறக்கூடாது. ஒரு படகு ஏறும்போது போய்ச் சேர்ந்தால், அவசரப்படாமல் நின்று பார். கதவின் மரத் துலாவில் முதுகைச் சாய்த்து ஆள் தள்ளுவார், கதவு அசையாது. இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும்வரை அது அசையவே அசையாது. சமமான அந்தக் கணத்தில் அத்தனை கனமான கதவு ஒரு ஆள் தள்ளலுக்கு மெல்ல நகரும். மொத்தம் 18 மீட்டர் உயரத்தைப் படகு இப்படித்தான் ஏறிக் கடக்கிறது.

அங்கிருந்து சால்டேர் வரை கரையோரமாகவே நட, சுமார் 5 கிலோமீட்டர். வழியில் கால்வாயே ஏர் ஆற்றை ஏழு வளைவுப் பாலத்தில் தாண்டிப் போகும். சால்டேரில் டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி 1853-ல் திறந்த பெரிய ஆலையும், அதில் வேலை செய்தவர்களுக்காக அவர் கட்டிய தெருக்களும் அப்படியே நிற்கின்றன. தன் பிள்ளைகளின் பெயர்களையே தெருக்களுக்கு வைத்திருக்கிறார். 2001-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆலைக்குள் பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களைப் பார்க்கலாம். பார்த்து முடித்து வெளியே வந்தால் பக்கத்திலேயே ஸ்டேஷன், நேராக ஸ்கிப்டனுக்கு ரயில். அந்த ஸ்டேஷனை 1965-ல் மூடி, 1984-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

இப்போது கண்டிப்பாகச் சொல்லவேண்டிய ஒன்று. பயணத்தைத் திரும்பி வரும் வண்டியிலிருந்து திட்டமிடு. எந்த ஊருக்குப் போக நினைத்தாலும் முதலில் அங்கிருந்து கிளம்பும் கடைசி வண்டியைப் பார். பிறகு அதற்கு முந்தைய வண்டியைப் பார். நீ பிடிக்கவேண்டியது அந்த முந்தைய வண்டியைத்தான். கடைசி வண்டி ஆபத்துக்கு. லீட்ஸ் பக்கம் இந்தக் கவலை இல்லை, ஒன்று போனால் அடுத்தது வரும். மலைப்பக்கம் அப்படி இல்லை. கார்லைல் பாதையில் ஒரு ரயிலை விட்டால் இரண்டு மணி நேரம்கூட நிற்க நேரும். மாலம் கிராமத்துக்குப் போகும் பஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டைம்டேபிளை நிதானமாகப் படிக்கப் பழகு. பள்ளிக்கூட நாளில் மட்டும் ஓடும் பஸ் உண்டு, சனிக்கிழமை மட்டும் ஓடுவது உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் தனி அட்டவணை. அந்த நாட்களில் ஓடும் டேல்ஸ்பஸ் வண்டிகளில் பலவற்றைத் தன்னார்வலர்கள் கூடித்தான் நடத்துகிறார்கள். கோடையில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. கிறிஸ்துமஸ் அன்று எதுவும் ஓடாது, மறுநாளும் நம்பாதே. போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. வீட்டிலேயே ஒரு தாளில் நேரங்களை எழுதிப் பையில் வை. கிராமத்து நிறுத்தங்களில் கை நீட்டினால்தான் பஸ் நிற்கும். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது இந்த ஊர்ப் பழக்கம், நீயும் சொல்.

ஸ்டேஷன் பெயரை மட்டும் நம்பியும் இறங்காதே. கார்லைல் பாதையிலுள்ள டென்ட் ஸ்டேஷன் இங்கிலாந்தின் பிரதான ரயில் பாதைகளிலேயே உயரமானது, சுமார் 350 மீட்டர். டென்ட் கிராமமோ அங்கிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல், கீழே பள்ளத்தாக்கில். திரும்பும்போது அது முழுக்க ஏற்றம். போகக்கூடாத இடம் இல்லை. காலும் நேரமும் இருக்கும் நாளில் போகவேண்டிய இடம்.

வார்ஃப் பள்ளத்தாக்குக்கு பஸ்தான். ஸ்கிப்டனிலிருந்து கிராஸிங்டனுக்கு 1902-ல் ரயில் வந்தது, 1930-லேயே பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கல் குவாரி வண்டி மட்டும் இன்னும் குவாரி வரை போகிறது. பஸ்ஸில் போவதில் குறை ஒன்றும் இல்லை. வழியெல்லாம் கல்சுவர்கள், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் வயலும் ஆட்டுக்குட்டிகளும் தெரியும், பக்கத்தில் காரில் போகிறவருக்குச் சுவர்தான் தெரியும். கிராஸிங்டனில் இறங்கி ஆற்றோரமாகக் கீழே பர்ன்ஸால் வரை நடக்கலாம், மேலே கெட்டில்வெல் வரையும் நடக்கலாம். கெட்டில்வெல் பக்கம் போனால் பஸ் மேலிருந்து திரும்பி வரும்போது ஏறிக்கொள். நைட் டூட்டி முடிந்த வாரத்தில் இது இன்னும் நல்லது. அசதியோடு அந்தக் குறுகலான சாலைகளில் கார் ஓட்டக்கூடாது. பஸ்ஸில் கண் அசந்தால் ஒன்றும் ஆகாது.

ஹாவொர்த்துக்கு எல்லோரும் போகச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். கீத்லியில் இறங்கி அங்கிருந்து பஸ், அல்லது நீராவி ரயில். மூடப்பட்ட பாதையை 1968-ல் மீட்டு ஆர்வலர்கள் ஓட்டும் ரயில் அது; எல்லா நாளும் ஓடாது, தேதி பார்த்துப் போ. எழுத்தாளர்களான பிராண்டே சகோதரிகள் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. விடுமுறை நாளில் அந்தத் தெருவில் கூட்டம் நெருக்கும். வார நாளில் லீவு கிடைப்பதுதான் உன் வேலையின் நல்ல பக்கம், அதைப் பயன்படுத்திக்கொள்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது ரிபிள்ஹெட். கார்லைல் ரயிலில் செட்டில் தாண்டி, ஹார்டன் தாண்டி இறங்கு. இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே ரயில் பாலம் கண்ணில் படும். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். கட்டும் காலத்தில் தொழிலாளர்கள் அந்தச் சதுப்பு நிலத்தில் குடிசைகள் போட்டுக் குடும்பத்தோடு இருந்தார்கள். விபத்திலும் நோயிலும் இறந்தவர்கள் பலரை அருகில் சாப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். பாலத்தின் அடியில் போய் நின்று தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வா. ஆறுக்கு ஒன்று மற்றவற்றைவிடத் தடியாக இருக்கும். ஒரு வளைவு இடிந்தால் மொத்தமும் சரிந்துவிடாமல் அந்தப் பகுதியோடு நிற்கட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். பாதையோரமாக மேலே போனால் பிளே மோர் சிக்னல் அறையும் அப்பால் சுரங்கவாயும். அந்த வெட்டவெளியில் காற்று ஆளைத் தள்ளும்.

இந்தப் பாலத்தைப் பழுதுபார்க்கச் செலவு அதிகம் என்று சொல்லித்தான் 1980-களில் பாதையையே மூடப் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை. மூடப்பட்டிருந்த எட்டு சிறு ஸ்டேஷன்கள் 1986-ல் திறந்தன, கூட்டம் கூட்டமாக ஏறினார்கள், ஆயிரக்கணக்கில் ஆட்சேபணை மனு போட்டார்கள். போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான கிரஹாம் நட்டலின் நாய் ரஸர்ப், தானும் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்பவன் என்ற முறையில், மனுவில் பாதச்சுவடு பதித்தது. 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது என்ற அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் நட்டல் வேல்ஸ் மலையில் நாயோடு நடக்கப்போனவர் திரும்பவில்லை. 11 வாரம் கழித்து உடலைக் கண்டபோது ரஸர்ப் பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. கார்ஸ்டேல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இன்று அதற்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அந்த ரயிலில் நீ எடுக்கும் டிக்கெட்டும் அந்த மனுக்களோடு சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். ஆள் ஏறாத வண்டியை யார்தான் ஓட்டுவார்கள்?

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு முப்பது வயது ஆகவில்லை, ரயில்கார்டு எடு. 16–25, 26–30 என்று இரண்டு வகை, எதிலும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் வார நாளில் காலை 10 மணிக்கு முன் போனால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்று ஒரு விதி உண்டு, அதனால் அந்த நேரத்தில் பக்கத்து ஊருக்குப் போக அது உதவாது. பஸ்ஸுக்கு 2023-ல் ஒரு நடைக்கு 2 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள், 2025 ஜனவரியில் 3 பவுண்டாக்கினார்கள். காருக்குத் தவணை, இன்ஷூரன்ஸ், பார்க்கிங் எல்லாம் கூட்டி ஒரு பக்கமும், மாதம் நான்கு நாள் போய்வரும் செலவை இன்னொரு பக்கமும் எழுதிப் பார். நீயே புரிந்துகொள்வாய்.

ஜூன் மாதமானாலும் மழை ஜாக்கெட் இல்லாமல் கிளம்பாதே. காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ வேண்டும், சுண்ணாம்புப் பாறை நனைந்தால் வழுக்கும். கையில் சாப்பாடு வைத்துக்கொள். மலை ஊர்களில் கடை இருக்கும் என்று நம்பக்கூடாது, இருந்தாலும் சீக்கிரம் மூடிவிடும். எலுமிச்சைச் சாதம் போதும், கெடாது, குளிர்ந்தாலும் ருசிக்கும். ஃபிளாஸ்கில் டீ.

அடுத்த வாரம் ஞாயிறு உனக்கு ஆஃப் என்று எழுதியிருக்கிறாய். கார்லைல் ரயில் நான் இருக்கும் கீத்லியில் நின்றுதான் ஸ்கிப்டனுக்கு வரும். நான் இங்கே ஏறி உனக்கும் ஜன்னல் பக்கம் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன், நீ அங்கே ஏறிக்கொள். ரிபிள்ஹெட்டிலிருந்து திரும்பும் வண்டி நேரத்தை இந்த முறை நீ பார்த்துச் சொல். சாதம் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா